ஜீப் போகலாம், நான் போகக்கூடாது

1. வாளியும் துணியும்

முதல் நாளே என் பெயரை வெட்டிவிட்டார்கள். சிவநேசன் என்று சொன்னேன். "நீளமாக் கிடக்கு. சிவி எண்டு கூப்பிடுறன்" என்றார் ஷெஃப். இங்கே முதலாளியை அப்படித்தான் அழைப்பார்கள். அவருடைய பெயர் ஹூபர். அதை நான் ஹூ என்று வெட்டியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். (அவர்கள் பேசியதெல்லாம் ஜெர்மன். என் காதுக்குள் அது மாறி விழுந்த தமிழிலேயே எழுதுகிறேன்.)

இது எண்பதுகளின் நடுப்பகுதியில். மியூனிக்குக்குத் தெற்கே, வாசலில் நின்றால் பனிமலை தெரிகிற ஒரு சிறு பட்டினத்தில் பழைய கார் விற்கும் கடை. அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு வந்து, வேலை செய்யும் அனுமதி கிடைக்கும்வரை முகாமில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். அதனால் வாளியும் துணியும் கையில் கிடைத்ததே பெரிய காரியமாக இருந்தது. கார் கழுவினேன், சீட்டில் ஒட்டிய நாய் மயிரைப் பொறுக்கினேன், டயர் மாற்றினேன். யாழ்ப்பாணத்தில் வாடகைக்குச் சொந்த ஹையர் வான் ஓடியவன் என்று சொன்னபோது ஷெஃப் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

2. ஏற்றிப் பார்த்தல்

குளிர் தொடங்கினால், மலைப் பனியில் சறுக்கப் போகிற ஸ்கீ குடும்பங்கள் வரும். எஸ்.யு.வி. என்ற சொல் அப்போது இங்கே புழக்கத்தில் இல்லை. கெலெண்டவாகன் என்பார்கள், நாங்கள் ஜீப் என்போம். வருகிறவர்கள் பெயின்றைத் தடவுவார்கள், கதவை அடித்துச் சத்தம் கேட்பார்கள், டயரை ஒரு உதை உதைப்பார்கள். அதோடு பரிசோதனை முடிந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு வந்து, இடம் போதவில்லை என்று ஷெஃபோடு சண்டை பிடிப்பார்கள்.

வான்காரன் அப்படிப் பார்க்கமாட்டான். கலியாண வீட்டுக்கு ஹையர் என்றால் ஆள் எத்தனை, அண்டா எத்தனை என்று கேட்டு, ஏற்றிப் பார்த்துத்தான் ஓம் சொல்லுவான். நான் ஷெஃபிடம் சொன்னேன், "ஸ்கீ, சப்பாத்து, பிள்ளையள் எல்லாத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கோ. கடை வாசலிலை ஏத்திப் பாப்பம்."

"இது சந்தையில்லை, சிவி" என்றார். ஒருமுறை செய்து பார்த்துக் கார் விற்றபின் அது அவருடைய யோசனையாகிவிட்டது. அதையும் விடுங்கள்.

3. லாங் குடும்பம்

அந்த மாரியில் லாங் என்ற குடும்பம் வந்தது. மனுசி பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படிப்பிக்கிறவர், மனுசன் கட்டடப் பொறியியலாளர். மூன்று பிள்ளைகள், ஒரு பெரிய நாய். ஸ்கீ கட்டைகள், சறுக்கு வண்டி, சப்பாத்துகள் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார்கள். பின்னால் பக்கவாட்டில் மடிக்கிற இரண்டு சீட் உள்ள ஒரு நீளமான ஜீப் எங்களிடம் நின்றது. கட்டைகளை நடுவில் நீட்டி, ஈரச் சப்பாத்துகளைக் கதவோரம் அடுக்கி, நாய்க்கும் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தேன். கடைசிச் சீட்டுக்கும் ஹீட்டர் காற்று வருகிறதா என்று கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். மனுசிக்கு நல்ல சந்தோசம்.

"மலையிலை ஏறுமோ? அதைத்தான் நான் பாக்கவேணும்" என்றார் மனுசன்.

நியாயமான கேள்வி. நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கிறதா என்பது கடை வாசலில் தெரியாது. ஆனால் விற்பனைக்கு நிற்கும் வாகனத்தில் சிவப்பு நம்பர் தகடு போட்டுத்தான் ஓடலாம், கூடக் கடை ஆள் ஒருவர் இருக்கவேண்டும் என்பது ஷெஃபின் சட்டம். ஷெஃபோ ஸ்கீ சறுக்கிக் காலை முறித்துக் கட்டுப்போட்டு இருந்தார்.

"சிவி, நீ போ" என்றார்.

"எனக்கு ஏலாது ஷெஃப். பாலத்துக்கு அங்காலை வேறை லாண்ட்கிறைஸ்."

லாண்ட்கிறைஸ் என்றால் மாவட்டம். அசூல் வழக்கு நடக்கிறவர்கள் அனுமதியில்லாமல் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. ஆட்டுக்குக் கட்டும் கயிறாவது கண்ணுக்குத் தெரியும். அக்காவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு டுசல்டோர்ஃபுக்குப் போகும்போது ரயிலில் ஒருமுறை பிடிபட்டுத் தண்டம் கட்டியிருந்தேன். இரண்டாம் முறை பிடிபட்டால் குற்ற வழக்கு. "உங்கட வழக்கு முடியிற நேரம். ஒரு அடி வெளியிலை வைக்காதேங்கோ" என்று வழக்கறிஞர் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வழக்கு வென்றால், கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருக்கிற மனைவியையும், நான் இன்னும் முகம் பார்க்காத மகளையும் இங்கே கூப்பிடலாம். எனக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

ஷெஃபுக்கு இதெல்லாம் தெரியும். தாடையைச் சொறிந்தார். "சரி, பாலம் வரைக்கும் போ. அங்கை இறங்கி நில். அவை மேலை போட்டு வரேக்கை உன்னை ஏத்திக்கொண்டு வருவினம். ஆருக்கும் கரைச்சல் இல்லை."

கரைச்சல் எனக்குத்தான். என்னை அவர் ஒரு ஆளாகவே எடுக்கவில்லை.

4. பாலம்

ஹீட்டரைக் கூட்டி வைத்து வாடிக்கையாளரைக் கோட்டைக் கழற்ற வைப்பது எங்கள் கடை வழக்கம். வாகனம் எவ்வளவு கதகதப்பு என்று அப்போதுதான் மனத்தில் பதியுமாம். அவர்கள் கழற்றினார்கள், நானும் கழற்றினேன். பாலத்தடியில் மனுசன் நிறுத்தியபோது பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. அவசரமாகக் குதித்தேன். கதவு சாத்தியதும் ஜீப் போய்விட்டது. என் கோட் சறுக்கு வண்டிக்கு அடியில், என் அடையாளப் பத்திரம் கோட்டுக்குள்.

"அரைமணித்தியாலத்திலை வாறம்" என்று மனுசி கண்ணாடிக்குள்ளால் கை காட்டினார்.

கம்பளிச் சட்டையோடு நின்றேன். பனி கொட்டத் தொடங்கியது. அரைமணித்தியாலம் போனது, ஒரு மணித்தியாலமும் போனது. பாலத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், கூரை போட்ட பஸ் தரிப்பிடம் ஒன்று இருந்தது. என் பட்டினத்துக்குப் போகிற பஸ் அங்கேதான் நிற்கும். உட்கார ஒரு வாங்குகூட இருந்தது. ஆனால் அது அடுத்த மாவட்டத்தின் வாங்கு.

பொலிஸ் கார் ஒன்று மெதுவாகப் போனது. குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறவன் மாதிரி இருந்தேன். களவெடுத்தவன் போல நான் ஏன் குனியவேண்டும்? என்ன களவெடுத்தேன்? இன்றைக்கும் அதை நினைத்தால் இரத்தம் கொதிக்கிறது.

பொழுது படும் நேரம் பஸ் வந்தது. தரிப்பிடத்தில் ஆளில்லை, பாலத்தைக் கடந்து என் பக்கம் வந்தது. நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். சாரதி நிறுத்தி யன்னலைத் திறந்தார்.

"ஸ்டொப் அங்கை இருக்கு, தெரியேல்லையோ?"

"தெரியுது. நான் அங்கை வர ஏலாது. தயவுசெய்து இஞ்சை ஏத்துங்கோ."

"என்ன, கால் ஏலாதோ?"

"கால் இருக்கு. அனுமதி இல்லை."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்டொப் இல்லாத இடத்திலை ஆள் ஏத்தக் கூடாது. சட்டம்" என்றார். யன்னல் மூடியது. பஸ் போய்விட்டது. ஒரு சட்டம் என்னை அங்கே போகவிடவில்லை, இன்னொரு சட்டம் இங்கே ஏற விடவில்லை. இரண்டையும் எழுதினவர்கள் அந்த நேரம் வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

விறைத்த காலோடு திரும்பி நடந்து, முதலில் கண்ட ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் புகுந்து ஷெஃபின் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். முழுக்கதையையும் கேட்டார்.

"காருக்கு ஒண்டும் இல்லையே?" என்றார்.

5. தாராளம்

அடுத்த நாள் காலை லாங் குடும்பம் சிரித்துக்கொண்டு வந்து இறங்கியது. நான் வீங்கிய காலோடு வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மனுசியின் கையில் என் கோட், அழகாக மடித்தபடி.

"அருமையான வாகனம், ஹெர் சிவி! மேலை ஏறினதோடை மற்றப் பள்ளத்தாக்காலை சுத்தி நேரை வீட்டை போட்டம். போகேக்கை கொஞ்சம் நெருக்கம், வரேக்கை நல்ல தாராளம். நாயும் நீட்டி நிமிந்து படுத்தது."

நாயை மறக்கவில்லை. பாருங்கள்.

"நான் பாலத்திலை நிண்டனான்" என்றேன்.

"பஸ் ஸ்டொப் பக்கத்திலைதானே இருந்தது? அதிலை போயிருப்பியள் எண்டு நினைச்சம்."

அவர் பொய் சொல்லவில்லை. பஸ் தரிப்பிடம் இருந்தால் எவனும் போய் ஏறுவான் என்று நம்பிப் பழகிய ஊர்க்காரர். நான் மாவட்ட எல்லையைச் சொன்னேன். அசூல்காரனுக்கு அதைத் தாண்டினால் வழக்கு என்று சொன்னேன். மனைவியையும் மகளையும் சொன்னேன். அவருடைய முகம் சுருங்கியது.

"இருக்காது. ஜெர்மனியிலை அப்பிடிச் சட்டம் இல்லை. நான் படிப்பிக்கிற பாடம் அது."

ஷெஃபைத் திரும்பிப் பார்த்தார். ஷெஃப் தோளைக் குலுக்கினார். "இருக்கு. அவங்களுக்கு அப்பிடித்தான். அதை விடுங்கோ, ஜீப்பை எடுக்கிறியளோ?"

மனுசன் பேனாவை எடுத்துவிட்டார். மனுசி கோட்டை என் கையில் தந்து, போய் ஜீப்பின் முன்சீட்டில் இருந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை.

அடுத்த கிழமை இன்னொரு ஸ்கீ குடும்பம் மலைக்குப் போகவேண்டும் என்றது. "சிவி, பாலம் வரைக்கும்" என்றார் ஷெஃப். வாகனத்தின் திறப்புச் சாவியை அவருடைய மேசையில் வைத்தேன். "நான் போகமாட்டன். என்ரை பேர் சிவநேசன்" என்றேன். வேலை போகும் என்று கத்தினார். போகட்டும் என்று வாளியை எடுத்துக்கொண்டு போனேன். வேலை போகவில்லை. அந்தக் குடும்பத்தோடு, கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஷெஃப்தான் போனார். அடுத்த வருடம் என் வழக்கும் வென்றது. மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள்.

இப்போது எங்கள் சனத்தின் பிள்ளைகள் ஸ்கீ போக வாகனம் பார்க்கும்போது என்னைக் கேட்கிறார்கள். ஏற்றிப் பாருங்கள், மேட்டில் ஓடிப் பாருங்கள் என்று சொல்கிறேன். அது வாங்குகிறவர்களுக்கு. வேலை செய்யப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஏலாது என்று சொல்வதென்றால் வாகனத்தில் ஏறமுன் சொல்லிவிடுங்கள். பாதி வழியில் இறங்கிச் சொன்னால், குளிர் இறங்கினவனுக்குத்தான்.