கி.பி. ஒன்றுக்கு முந்தைய வருஷம்

1999-இல் இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று பெங்களூரே நடுங்கியது. பொம்மனஹள்ளியில் ஒரு மாடியறையில் நாங்கள் ஏழு பேர் மட்டும் கி.பி. ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். பஞ்சாங்க சி.டி. செய்கிறோம், எந்த ஆண்டைத் தட்டினாலும் கலி, சகம், ரோமானியக் கணக்குகளில் அது எத்தனையாவது என்று சொல்லிவிடும். எனக்கு ஆறு மாதப் பயிற்சிக் காலம். வாங்குபவர் முன்னால் இது பிழையில்லாமல் ஓடினால் வேலை நிரந்தரம்.

கி.பி. ஒன்றுக்கு முந்தைய ஆண்டு எது என்று கேட்டேன். திரை, பூஜ்ஜியம் என்றது. லிங்கராஜபுரத்துக்காரரான எங்கள் டீம் லீடருக்கு அதில் குறையே தெரியவில்லை. கை விரலைக்கூடப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிற புரோகிராமர் கூட்டம்.

"சீரோ இல்லாம எங்கேருந்து எண்ணுவாங்க, சொல்லும்மா?"

"கி.மு. ஒண்ணு முடிஞ்ச மறுநாளே கி.பி. ஒண்ணு சார். வாராவாரம் சர்ச்சுக்குப் போறீங்க, இது தெரியாதா?"

"ஜெபம் பண்ணப் போறேன். கணக்குப் பாக்கவா போறேன்?"

வாதத்தில் ஜெயித்தேன். ஜெயித்த வேகத்தில் கண்ணில் பட்ட பூஜ்ஜியங்களையெல்லாம் தீர்த்துக்கட்டினேன்; கலியில் இருந்ததையும் சகத்தில் இருந்ததையும் சேர்த்து. மூன்று புத்தகம் படித்தவள் யாரைக் கேட்க வேண்டும்?

வாங்க வந்தவர் காக்ஸ் டவுனில் பூஜை சாமான் கடை வைத்திருப்பவர். கி.பி. ஒன்றைத் தட்டச் சொன்னார். ரோம் நகரம் பிறந்ததிலிருந்து எண்ணும் ரோமானியக் கணக்கில் 754. தலையாட்டினார். கலி 3103. தலை நின்றுவிட்டது.

"ஒண்ணு கூட இருக்கேம்மா. 3102தான் வரணும்."

"பூஜ்ஜியம் தப்பு சார். நான்தான் எடுத்தேன்."

"அவங்க கணக்குக்குத் தப்பு. நாம முடிஞ்ச வருஷத்தைத்தான் எண்ணுவோம், நடக்கிறதை இல்ல. பொறந்த அன்னைக்கே கொழந்தைக்கு ஒரு வயசுன்னு சொல்லுவியா?"

டீம் லீடர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இரண்டே வரிகளில் திருத்தினேன். கடைக்காரர் அன்றைக்கே சி.டி.யை ஒப்புக்கொண்டுவிட்டார். அந்தத் தைரியத்தில் மாலையே போய் நிரந்தரக் கடிதம் கேட்டேன்.

"ஆறாவது மாசம் நடக்குதும்மா," என்றார் டீம் லீடர். "முடியலையே."

ஐந்து மாதம் முயன்றும் ஒரு காலண்டர் புரியாத மனிதருக்கு, தேவைப்பட்டதும் ஒரே மத்தியானத்தில் கலியுகம் புரிந்துவிட்டது. மாதம் முடிந்ததும் பயிற்சிக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். அந்தக் கடிதத்தையும் என்னையே டைப் அடிக்கச் சொன்னார்; எனக்கு வேகம் அதிகமாம்.