மேலகரம் தாண்டினால் இருமும் வண்டி

மின்சார ஆபீஸில் கிளார்க்காக இருந்தால் போதும், இவனுக்கு மின்சாரம் தெரியும் என்று ஊர் நம்பிவிடும். தென்காசியில் எனக்கு அந்தக் கெட்ட பெயர் இருந்தது. தெருவில் யார் வீட்டில் பியூஸ் போனாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் டெஸ்டரைப் பேனா மாதிரி சட்டைப் பையில் குத்திக்கொண்டு போய், பெட்டியைத் திறந்து உற்றுப் பார்த்து, "ம்" என்பேன். அந்த "ம்" மட்டும் எனக்கு நன்றாக வரும். அதன் பிறகு லைன்மேனுக்கு ஆள் அனுப்புவேன். ஆபீஸில் என் வேலை, பெயர் மாற்றக் கேட்டு வரும் விண்ணப்பங்களில் முத்திரை குத்துவது.

இப்படிப்பட்டவன் ஒரு மோட்டார் சைக்கிளின் வயரை எல்லாம் உருவிப் போட்டுவிட்டுத் தானே திரும்ப மாட்டினான் என்றால், அதற்குச் சிநேகிதன் ஒருவன், என் சேக்காளி, காரணம்.

அவனும் நானும் சேர்ந்துதான் அந்த வண்டியை வாங்கினோம். இரண்டு கை மாறி வந்த வேகமான வண்டி. மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடக்கும் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, "ஏலே, நீ ஓட்டு. நான் பின்னால நின்னு தள்ளி விடுதேன்" என்று ஆரம்பித்தவன் அவன். மூளை அவனுடையது. தைரியம் என்னுடையது என்று சொல்ல ஆசைதான், ஆனால் எடை குறைவாக இருந்ததால்தான் என்னை ஓட்டச் சொன்னான். பாதி வேலை முடிவதற்குள் மெட்ராஸில் பம்பு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகிறபோது ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் என்றைக்கு வண்டி முழு வேகத்தில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதோ, அன்றைக்கு நான் போன் பண்ணுவேன். அவன் லீவு போட்டுவிட்டு மெயில் ரயிலில் வருவான். இரண்டு பேருமாக வண்டியைப் பார்சல் வேனில் ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்குப் போவோம்.

எனக்குப் பந்தயத்தைவிட அந்த மெயில்தான் முக்கியம். அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு பம்பாய்க்குப் போய்விட்டிருந்தார்கள். மூன்று அறை உள்ள வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், நான். காலையில் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பேன். என் குரல் எனக்கே மறந்துவிடக் கூடாது பாருங்கள்.

பந்தயத்துக்கு ஆக்குவது என்றால் முதலில் கழற்றுவது. ஹெட்லைட், பின் லைட், ஹாரன், பேட்டரி எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் போட்டுக் கட்டினேன். அடுத்த வீட்டு மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன, வண்டிக்குக் கண்ணப் புடுங்கிப் போட்டுட்டிய?"

"ரேசுக்கு மதினி. அங்க பகல்லதான் ஓட்டுவாங்க."

"ஹாரனையாவது விட்டு வைங்க. எவனாவது குறுக்க வந்தா?"

"அங்க குறுக்க யாரும் வரமாட்டாங்க."

"அப்ப இந்தத் தெருவுலயே ஓட்டலாமே. இங்கன மட்டும் யாரு வாரா?"

"ம்" என்றேன்.

பந்தய வண்டிக்குக் கைப்பிடியில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் கட்டாயம். ஓட்டுகிறவன் விழுந்தால் என்ஜின் உடனே நிற்க வேண்டும். அதற்கென்று உள்ள சுவிட்ச் தென்காசியில் கிடைக்கவில்லை. சேக்காளியிடம் கேட்டால் அனுப்பியிருப்பான். எனக்கு அவசரம். வாசற்படியில் நின்று யோசித்தபோது கண் முன்னால் காலிங்பெல் சுவிட்ச் இருந்தது. வெள்ளை உருண்டை, நடுவில் கறுப்புப் பொத்தான். கடைசியாக அதை யார் அழுத்தினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பால்காரர் குரல் கொடுப்பார். தபால்காரர் ஜன்னல் வழியாக எறிவார். சும்மா கிடக்கிற சுவிட்ச்தானே என்று கழற்றி, இடது கைப்பிடியில் கிளிப் போட்டு இறுக்கினேன். பொத்தானை அழுத்தினால் பிளக்குக்குப் போகிற மின்சாரம் வண்டியின் உடம்பில் இறங்கி, என்ஜின் நின்றுவிடும். வீட்டில் அழுத்தினால் சத்தம் வரும், வண்டியில் அழுத்தினால் சத்தம் நிற்கும். இதைக் கண்டுபிடித்ததற்காக அன்று சாயங்காலம் எனக்கு நானே ஒரு ஸ்பெஷல் தோசை வாங்கிக் கொடுத்தேன்.

பொங்கல் கழிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுத்தேன். வீட்டில் ஸ்டாண்டு போட்டு முறுக்கினால் அருமையாகப் பாடியது. தெருவிலும் குறையில்லை. மேலகரம் தாண்டி, ரோடு நேராகி, எதிரே மலை முழுசாகத் தெரிகிற இடத்தில் டேங்க் மேல் குப்புறப் படுத்து முழுக்க முறுக்கினேன். வண்டி இருமியது. நாட்பட்ட பீடிக்காரர் மாதிரி, கொக், கொக், கொக். முறுக்கைக் குறைத்தால் சரியாகிவிடும். திரும்ப முறுக்கினால் திரும்ப இருமும்.

பேட்டரிக் கடை அண்ணாச்சியிடம் போனேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"கண்டன்சர்" என்றார்.

"பாக்காமலே சொல்லுதியளே அண்ணாச்சி."

"பாத்தாலும் கண்டன்சர்தான். ஆமா, நீரு கரண்டு ஆபீஸ்தானே? உமக்குத் தெரியாதா?"

கண்டன்சர் மாற்றினேன். இருமியது. மறுபடி போனால், "அப்ப காயில்" என்றார். காயிலும் மாற்றினேன். அதற்கப்புறம் நான் கடை முன்னால் போனாலே அவர் உள்ளே போய்விடுவார். நான் அவருடைய வியாதியாகிவிட்டேன்.

அப்போதுதான் டிரங்க் கால் ஆரம்பித்தது. சேக்காளி திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தான். மேனேஜர் மேசையில் போன் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் நான் தந்தி ஆபீஸில் புக் பண்ணிவிட்டு பெஞ்சில் காத்திருப்பேன். லைன் கிடைத்தால் மூன்று நிமிடம்.

"எப்படிலே இருமுது? சத்தம் போட்டுக் காட்டு."

"இங்கன ஆளுக இருக்காங்கலே."

"இருந்தா என்ன, டிக்கெட்டா வாங்குதாங்க? போடு."

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, டுர்ர்ர்ர், கொக், கொக் என்றேன்.

"கேக்கல. இன்னும் கொஞ்சம் ரேஸ் பண்ணு."

ரேஸ் பண்ணினேன். பின்னால் மருமகனுக்குத் தந்தி கொடுக்க நின்ற ஒரு பெரியவர், "தம்பிக்கு ரொம்ப நாளா இருக்கோ? ஆடாதொடை இலையக் கசாயம் வச்சுக் குடிங்க" என்றார். கவுன்ட்டருக்கு உள்ளே இருந்தவர் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை நான் நுழைந்ததும், "என்ன சார், இன்னும் குணமாகலையா?" என்று கேட்டுக்கொண்டே அவரே நம்பரை எழுதிவிட்டார்.

சேக்காளி ஒரு சட்டம் போட்டான். "வாரத்துக்கு ஒண்ணுதான் மாத்தணும். ரெண்டச் சேத்து மாத்தினா எதுல நோவு இருந்துச்சுன்னு தெரியாமப் போயிரும்." நியாயமான சட்டம். ஒரு வாரம் பிளக். ஒரு வாரம் பிளக்குக்குப் போகிற தடி வயர். ஒரு வாரம் மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிற பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளியைச் சரி பார்த்தேன். இன்னொரு வாரம் என்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் பெயின்டைச் சுரண்டித் தனியாக ஒரு எர்த் வயர் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்ப்பேன், மேலகரம் தாண்டியதும் இருமும். மீதி நாட்களில் சனிக்கிழமை என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்ப்பேன். வாரம் முழுக்க வாயில் சேர்ந்த பேச்சு அந்த மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

ஒருமுறை அவன் சரியாக விரலை வைத்தான். "கட்-ஆஃப் சுவிட்ச் என்ன போட்டிருக்க?"

"நல்ல சுவிட்ச்தாம்லே" என்றேன்.

காலிங்பெல் என்று சொன்னால் மெட்ராஸ் வரைக்கும் சிரிப்பான். தவிர, எங்கள் வீட்டு வாசலில் பத்து வருஷமாக ஒழுங்காக இருந்த சுவிட்ச். தானாக ஒருநாளும் அடித்தது கிடையாது. அதைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கு அறுபது மைல் வேகத்தில் குண்டு குழியில் ஓடியது கிடையாது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குற்றாலம் ரோட்டில் நானும் தென்னை மரங்களும்தான். வழக்கமான இடத்தில் படுத்து முறுக்கினேன். கொக், கொக். ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி ஏறியது. இடது கைப்பிடியிலிருந்து வெள்ளையாக ஏதோ தெறித்து என் காதை உரசிக்கொண்டு போனது. அவ்வளவுதான். வண்டிக்கு இருமல் நின்றது. நான் இதுவரை கேட்டிராத ஒரு சத்தத்தோடு, நீளமாக, ஒரே மூச்சாக இழுத்துக்கொண்டு போனது. உலகத்தில் ஒரு பாகம் கழன்று விழுந்ததால் குணமான வண்டி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

குனிந்து பார்த்தேன். காலிங்பெல்லின் மூடியும் பொத்தானும் இல்லை. கிளிப்பில் அடிக்கட்டை மட்டும், இரண்டு பித்தளைத் தகடுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. விஷயம் விளங்கிவிட்டது. வேகம் கூடி வண்டி அதிர்கிறபோதெல்லாம் பொத்தான் உள்ளே குதித்திருக்கிறது. குதிக்கும்போதெல்லாம் தகடுகள் தொட்டு என்ஜினை ஒரு கணம் அணைத்திருக்கின்றன. நான் மாற்றியவற்றில் எதிலும் ஒரு கோளாறும் இல்லை. இத்தனை வாரமும் யாரோ பெல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஆனந்தம் கொஞ்ச நேரம்தான். என்ஜினை அணைக்கிற சுவிட்ச்தானே கழன்று விழுந்திருக்கிறது, இனி எப்படி நிறுத்துவது? கத்திக்கொண்டே குற்றாலத்துக்குள் நுழைந்தேன். சீசன் இல்லாததால் லாட்ஜுகள் பூட்டிக் கிடந்தன. எண்ணெய்க் கடைகளில் பலகை அடைத்திருந்தது. ஆள் வராததால் பசியில் இருந்த குரங்குகள் சுண்டல் வண்டி என்று நினைத்து ஓடி வந்தன. மேல் கியரில் பிரேக்கை மிதித்ததும் வண்டி குலுங்கிச் செத்து நின்றது. குரங்குகள் என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றதும் போய்விட்டன.

சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. மறுநாளே அர்ஜென்ட் கால் போட்டேன்.

"சரியாயிட்டுலே. காலிங்பெல்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்பார்த்தபடியே சிரித்தான். "கோட்டிக்காரப் பயலே, காலிங்பெல்லயா மாட்டின" என்று மூச்சுத் திணறச் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு பக்கமும் சிரிப்பு முடிந்தது. இன்னும் நேரம் மிச்சம் இருந்தது. அப்படி மிச்சமானது அதுதான் முதல் தடவை.

"மெயில்ல எப்ப வார?" என்றேன்.

"எனக்கு மஸ்கட்டுக்கு விசா வந்திருக்குலே. வெள்ளிக்கிழமை பம்பாய் போறேன்."

"எப்ப வந்துச்சு?"

"பொங்கல் கழிஞ்சதும்."

"ஒரு வார்த்தை சொல்லலியே."

"எப்பச் சொல்ல? நீ போன எடுத்ததும் இரும ஆரம்பிச்சிருவ. எனக்கும் இங்கன அது ஒண்ணுதாம்லே பேச்சு. மேன்ஷன்ல பக்கத்து ரூம்காரன் பேரு கூடத் தெரியாது."

மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று நடுவில் ஒரு பெண் குரல் சொன்னது. "வண்டிய வித்துராத" என்றான். "ம்" என்றேன். இந்த முறை அது சரியாக வரவில்லை. கவுன்ட்டர்க்காரர் ரசீதை நீட்டினார்.

தள்ளிவிட ஆள் இல்லாமல் பந்தயத்துக்குப் போக முடியாது. மதினியைக் கூப்பிட முடியுமா? அண்ணாச்சி வந்தால் வழி முழுக்கக் கண்டன்சர் என்பார். பார்சல் ஆபீஸ் பக்கம் நான் போகவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக வாங்கிய சுவிட்சை மாட்டி, மேலகரத்திலிருந்து குற்றாலம் வரை முழு வேகத்தில் போனேன். ஒரு தடங்கல் இல்லை. பேரருவி வேட்டி காயப் போட்ட அகலத்துக்கு மெலிந்து விழுந்துகொண்டிருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றேன். சீசனில் அந்த இடத்தில் ஒரு கால் வைக்க எத்தனை பேரை இடிக்க வேண்டும், எத்தனை பேர் எண்ணெய் முழங்கையால் நம்மை இடிப்பார்கள். போலீஸ்காரர் விசிலடித்து, போதும் வெளியே வா என்று விரட்டுவார். அன்று யாரும் விரட்டவில்லை. வேண்டிய மட்டும் குளிக்கலாம். தண்ணீர் சில்லென்று உச்சந்தலையில் விழுந்தது. நடுவில் நின்றவன், பழக்கதோஷத்தில் இன்னொருவர் நிற்க இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.