தொண்ணூற்றொரு சீலிங்குகள்

அன்றைக்கு எங்கள் வீட்டு சீலிங்கைத் தொண்ணூற்றோராவது தடவையாகப் படம் பிடித்தேன்.

ஒழுகுகிறதா? இல்லை. பெயின்ட் அடிக்கப் போகிறேனா? அதுவும் இல்லை. வீட்டை விற்கப் போகிறீர்களா என்று பக்கத்து வீட்டு ஹாஜியார் கூடக் கேட்டுவிட்டார். ஒன்றுமில்லை ஹாஜியார்… ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் மனநலத்தைப் பாதுகாத்துக் கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். முழுதாகக் கேளுங்கள்.

என் மகள் ஷிமாவுக்கு இந்த வருடம் ஓ.எல். பரீட்சை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம், தன் போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நான் பறிக்கவில்லை. ஏசவும் இல்லை. அவளாகவே தந்தாள்.

"வாப்பா, இது கிட்ட இருந்தாலும் நெஞ்சு படபடங்குது. தூர வெச்சாலும் படபடங்குது. படிக்க ஏலா. நீங்களே வெச்சிக்கங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் எத்தனை வாப்பாமாருக்கு இப்படி ஒரு பாக்கியம் கிடைக்கும்? அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு அலுமாரியில் வைத்துப் பூட்டப் போனேன்.

"ஐயோ பூட்டாதீங்க வாப்பா! ஸ்ட்ரீக் போயிரும்!"

அதென்ன ஸ்ட்ரீக்? எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். மஞ்சள் நிறத்தில் ஒரு பேய்ப் படம் போட்ட ஆப். அதில் இரண்டு சிநேகிதிகள் ஒவ்வொரு நாளும் ஆளுக்கு ஒரு படமாவது அனுப்பிக்கொள்ள வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நெருப்பு எரியும், அதன் பக்கத்தில் நாள் கணக்கு ஏறும். ஒருவர் ஒரு நாள் தவறவிட்டாலும் நெருப்பு அணைந்து, கணக்கு பூச்சியமாகிவிடும். அதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன் எச்சரிக்கையாக ஒரு மணல் கடிகாரம் வரும்.

"என்ன படம் அனுப்புற?"

"என்னவும் அனுப்பலாம். சீலிங்க எடுத்து அனுப்புங்க போதும்."

"என்ன கதைக்கிற?"

"ஒண்டும் கதைக்கப்படாது! சலாம் கூடப் போட்டுராதீங்க வாப்பா. நீங்கண்டு தெரிஞ்சா என்ன பகிடி பண்ணியே கொன்றுவாளுகள்."

ஏழு பேர் இருந்தார்கள். ஒருத்தருக்கும் ஒழுங்கான பெயர் இல்லை. ஒன்று பட்டாம்பூச்சி, ஒன்று ஐஸ்கிரீம், ஒன்று பூனை… அந்தப் பூனையைக் காட்டும்போது மட்டும் ஷிமாவின் குரல் மாறிவிட்டது.

"மத்ததுகள் போனாலும் பரவாயில்ல வாப்பா. இத மட்டும் விட்டுராதீங்க. அறுநூத்தி நாலு நாள். இது போச்செண்டா எனக்கு…" மிச்சத்தைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

நான் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர். நாவிதன்வெளி வயல்களில் முப்பது வருடம் பூச்சி, புழு, அறக்கொட்டி எல்லாவற்றையும் பார்த்தவன். ஒரு பூனைக்கு சீலிங் அனுப்புவதா பெரிய வேலை? பொறுப்பெடுத்தேன்.

ஆரம்பத்தில் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் ஏழு பேருக்கும் ஒரே சீலிங். பிறகு எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது — பிள்ளைகள் தினமும் இதையே பார்க்க என்ன பாவம் செய்தார்கள்? வேறு வேறு அறை சீலிங் எடுத்தேன். மின்விசிறி ஓடும் சீலிங், ஓடாத சீலிங். சில நாள் சீலிங்கோடு சேர்த்துக் கையில் அகப்பட்டதையும் எடுத்தேன்: பிளேன்டீக் கோப்பை, முழங்காலுக்குப் பூசும் தைலப் போத்தல்.

எனக்கும் படங்கள் வந்தன. அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

பூனைப் பிள்ளை அனுப்பியதும் சீலிங்தான். ஆனால் எங்களுடையதை விட மோசம், மூலையில் சிலந்தி ஒட்டறை. இரண்டு கிழமை கழித்து ஒரு நாள், மேசையில் ஒரு குளிசை அட்டை. பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த குளிசை, நானும் அதைத்தானே விழுங்குகிறேன். பிரஷர் குளிசை!

"பதினாறு வயசுல பிரஷர்!" என்று மனைவியிடம் ஓடினேன்.

"ஆருக்கு?"

"பூனைக்கு!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பூனைப் பிள்ளையை நான் உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் தடித்த கண்ணாடி வந்தது. பார்வையும் போய்விட்டதா? ஒரு நாள் பாதி சாப்பிட்டு வைத்த ரொட்டி… பசியுமில்லை. பல நாட்கள் விடிவதற்கு முன்பே படம் வந்தது. நித்திரையுமில்லை! எந்த நேரமும் மல்லாந்து கிடந்து ஒட்டறையைப் பார்க்கிறது பிள்ளை. இது மன அழுத்தம் இல்லாமல் வேறென்ன?

உங்களிடம் மறைப்பானேன்… நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்திக்காக ஒரு கட்டுரையே எழுதி வைத்திருந்தேன். 'சமூக வலைத்தளங்கள் நம் பிள்ளைகளின் இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன' என்று தொடங்கும். கண்ணீர் வரும்படி எழுதியிருந்தேன்.

கதைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் படத்தாலேயே ஆறுதல் சொன்னேன். கல்முனைக் கடற்கரைக்குப் போய் வெளுக்கும் வானத்தை எடுத்து அனுப்பினேன். மறுநாள் பூனையிடமிருந்து ஒரு செம்பருத்தி வந்தது! நோய் வாடை இல்லாத முதல் படம். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். கதிர் முற்றிய வயலை அனுப்பினேன், ஒரு சட்டி எருமைத் தயிர் வந்தது. பிள்ளை தேறி வருகிறது என்று இரண்டு ரக்அத் ஷுக்ரானா தொழுதேன்.

இப்படியே தொண்ணூறு நாள் போனது.

தொண்ணூற்றோராவது நாள், ஷிமாவுக்கு மறுநாள் கணிதப் பாடம். காலையிலேயே எல்லோருக்கும் சீலிங் அனுப்பிவிட்டேன். ஆறு பேர் பதில் அனுப்பிவிட்டார்கள். பூனை மட்டும் அனுப்பவில்லை. லுஹர் தொழுகையும் ஆனது. அஸரும் ஆனது. போனைத் திறந்தால்… மணல் கடிகாரம்!

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன் — மகள் சொன்ன அதே படபடப்பு. பிரஷர் உள்ள பிள்ளை, நித்திரை இல்லாத பிள்ளை… என்ன நடந்ததோ? நெருப்பு அணைவது இருக்கட்டும், பிள்ளை இருக்கிறாளா?

பரீட்சைக்குப் படிப்பவளைக் குழப்பக் கூடாதுதான். ஆனாலும் கதவைத் தட்டினேன்.

"மகள், இந்தப் பூனை ஆருட புள்ள? வீடு எங்க?"

ஷிமா என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். மணல் கடிகாரத்தைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. கணிதக் கொப்பி கீழே விழுந்தது.

"அது ரிஸ்லா வாப்பா," என்றாள். "மருதமுனை ஜவாத் மாமாட ரிஸ்லா."

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜவாத் என் மனைவியின் கூடப் பிறந்த நானா, எனக்கு மச்சான். அவரும் நானும் கதைத்து நான்கு வருடம். காரணம் கேட்பீர்கள்… சொல்கிறேன். எங்கள் ஊரில் கலியாணத்துக்கு வீட்டுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். தூரத்து உறவுக்குக் கூட ஒரு எட்டு வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, "கட்டாயம் வந்துரணும்" என்று சொன்னால்தான் அழைப்பு. என் மச்சான் தன் மூத்த மகளின் கலியாணத்துக்கு எனக்கு எப்படிச் சொன்னார் தெரியுமா? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கார்ட்! கீழே 'அனைவரும் வருக'. நான் அனைவரில் ஒருவனா? தங்கையின் புருஷன் இல்லையா? நான் போகவில்லை. போகாததற்கு அவருக்குக் கோபம். மாப்பிள்ளை வீட்டாரோடு ஒரே சஹன் தட்டில் உட்கார வேண்டிய என் இடம் காலியாகக் கிடந்ததாம், சபையில் அவர் முகம் சிறுத்துப் போனதாம். பள்ளிவாசல் மரைக்காயர் இரண்டு தடவை சமாதானம் பேசிவிட்டுக் களைத்துப் போனார். அன்றோடு வீட்டுப் போக்குவரத்து நின்றது. அவர்கள் மருதமுனை, நாங்கள் கல்முனைக்குடி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வேறு.

"ஏன் மகள் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க அனுப்பியிருப்பீங்களா?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் கோவிச்சிக்கிட்டீங்க. அவளுக்கும் எனக்கும் என்ன கோவம் வாப்பா? எங்களுக்கு வேற ஒண்டும் இல்ல, இந்த நெருப்பு ஒண்டுதான் இரிக்கி. இதுவும் போனா நாங்களும் உங்களப் போல ஆயிருவம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினாறு வயதுப் பிள்ளை ஒரு போட்டோவுக்காக அழுகிறாள் என்று கட்டுரை எழுதி வைத்தவன் நான். ஒரு வாட்ஸ்அப் கார்டுக்காக நான்கு வருடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவனும் நான்தான். கோபித்துக்கொள்ள மார்க்கம் மூன்று நாள் தவணை தருகிறது. மஞ்சள் பேய் ஒரு நாள்தான் தருகிறது. நாங்கள் எடுத்துக்கொண்டதோ நான்கு வருடம்.

அதற்குள் இன்னொரு எண்ணம் வந்து தலையில் அடித்தது. அப்படியென்றால் பிரஷர் குளிசை விழுங்குவது என் மருமகளா?

யா அல்லாஹ்! மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

மருதமுனைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. நான்கு வருடம் மிதிக்காத வாசல். கேட்டைத் தள்ளிக்கொண்டு, "ரிஸ்லாக்கு என்ன நடந்த?" என்று கத்தியபடி உள்ளே ஓடினேன்.

ஜவாத் மச்சான் விறாந்தையில் இருந்தார். கட்டம் போட்ட சாறன், தடித்த கண்ணாடி. முன்னால் ஸ்டூலில் செத்துப்போன வைஃபை பெட்டி. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல அதன் மேல் ஒரு கையை வைத்திருந்தார். மறு கையில் ரிஸ்லாவின் போன். பக்கத்து மேசையில் குளிசை அட்டை. தலைக்கு மேலே — ஒட்டறை.

அந்த ஒட்டறையை எனக்குத் தெரியும். தொண்ணூறு நாள் பார்த்திருக்கிறேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் கையில் எரியும் திரையையும் மணல் கடிகாரத்தையும் பார்த்தார். தன் கையிலிருந்ததைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

நான்கு வருடத்துக்குப் பிறகு என் மச்சான் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது:

"காலையில இருந்து கரண்ட் இல்ல மச்சான். இந்தப் போனுக்கு சிம்மும் இல்ல. இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு?"

"தெரியா மச்சான். கெதியாச் செய்யுங்க!"

என் போனில் டேட்டா இருந்தது. அதை இவர் போனுக்கு எப்படிக் கொடுப்பது? இரண்டு பேருக்கும் தெரியாது. இரண்டு போனையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிடித்துப் பார்த்தோம். பிஸ்மி சொல்லியும் பார்த்தோம். சத்தம் கேட்டு அறையிலிருந்து ரிஸ்லா வந்தாள். நல்ல கொழுகொழு என்று, கன்னத்தில் பேனா மையோடு.

"மாமா!" என்று கூவினாள்.

"புள்ள, உங்களுக்குப் பிரஷர் எப்படி?"

"எனக்கா?" என்று முழித்தாள். போன்களை வாங்கி இரண்டு தட்டு தட்டினாள். "இந்தா கனெக்ட் ஆயிட்டு. படத்த எடுங்க வாப்பா."

நான்கு வருடத்துக்குப் பிறகு வீடு தேடி வந்த மச்சான் முன்னால் நிற்கிறான். என்னத்தைப் படம் எடுப்பார் என்று நினைக்கிறீர்கள்? பழக்கதோஷத்தில் போனைத் தூக்கி சீலிங்கைத்தான் எடுத்தார்!

என் கையில் இருந்த போன் 'டிங்' என்றது. மணல் கடிகாரம் மறைந்தது. நெருப்புக்குப் பக்கத்தில் அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து.

நாங்கள் இருவரும் நாற்காலியில் பொத்தென்று விழுந்தோம். மச்சானின் மனைவி, என் மச்சி, தேத்தண்ணி கொண்டுவந்தாள். அப்போதுதான் ஜவாத் மச்சான் மெதுவாகச் சொன்னார்:

"மறுகா ஒண்டு சொல்லட்டா? அந்தத் தைலப் போத்தலக் கண்டுட்டு நான் பயந்துட்டன் மச்சான். இந்த வயசுலயே இந்தப் புள்ளைக்கு வாதமா, எந்த நேரமும் சீலிங்கப் பார்த்துட்டுக் கிடக்கே எண்டு உங்கட மச்சியிட்டச் சொல்லி துஆ கேட்ட. அதான் அந்தச் செம்பருத்திய அனுப்பின, மனசு கொஞ்சம் தெளியட்டும் எண்டு."

அந்தத் துஆ எனக்குத்தான் சேர்ந்திருக்கிறது. முழங்கால் வலி இப்போது குறைவு.

ரிஸ்லா சிரித்து ஓய்ந்துவிட்டுச் சொன்னாள், தன்னைப் போலவே மற்றப் பிள்ளைகளும் பரீட்சைக்காகப் போனை வீட்டில் கொடுத்துவிட்டார்களாம். அப்படியானால் இந்த மூன்று மாதமும் பட்டாம்பூச்சி யார், ஐஸ்கிரீம் யார்? யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் நிம்மதியாகப் படித்துக் கொண்டிருக்க, கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையில் எட்டு வீட்டு உம்மா வாப்பாமார் ஒருவருக்கொருவர் முகடு காட்டிக் கொண்டிருந்திருக்கிறோம்.

பரீட்சை முடிந்தது. கணிதம் நல்லாச் செய்தாளாம். மறுநாளே ஜவாத் மச்சான் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, ரிஸ்லா குர்ஆனை ஓதி முடித்த தமாம் விருந்துக்கு வாயால் சொன்னார்: "கட்டாயம் வந்துரணும் மச்சான்." போனேன். ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அன்றைக்குப் பிள்ளைகள் இருவரும் அறையில் கதைத்த கதையில், போனைத் தொடவே மறந்துவிட்டார்கள். நெருப்பு அணைந்துவிட்டது. எழுநூறைத் தாண்டிய கணக்கு! நான்தான் பதறிப்போனேன். ஷிமா தோளைக் குலுக்கினாள்.

"போனாப் போகட்டும் வாப்பா. அவ இஞ்சதானே இரிக்கிறா."

பிள்ளைகள் தப்பிவிட்டார்கள். நாங்கள்? நானும் மச்சானும் எங்கள் சொந்தப் போனில் புதுக் கணக்குத் திறந்திருக்கிறோம். நேற்றோடு பதினொரு நாள். ஆனால் இன்று காலையிலிருந்து அவரிடமிருந்து ஒன்றையும் காணவில்லை… இதை எழுதும்போது மணல் கடிகாரம் வந்துவிட்டது.

மச்சான், இந்தப் பத்தியைப் பிறகு வாசிக்கலாம் — முதலில் ஒரு சீலிங்கை அனுப்புங்கள்!