விஜயகலா திறந்து பார்த்த ஸ்டியரிங் பூட்டு

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் விஜயகலாவுக்கு எந்தச் சாமானையும் மூடியபடி விட்டுவைக்க மனம் வராது. ரேடியோ, டோர்ச், மகளின் பேசும் பொம்மை என்று எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்திருக்கிறாள்.

போன வருஷம் ஒரு பகல். வெட்டிய பாலை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு வரும்போது பள்ளிக்கூட வாசலில் ஜெயரூபி டீச்சர் தன் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிற ஜப்பான் கார் அது. இறக்கத்தில் உருண்டுவிடாமலிருக்க முன் சில்லைத் திருப்பி மண்மேட்டோடு முட்டவைத்திருந்தார். இப்போது ஸ்டியரிங் இறுகிக் கிடந்தது, கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

பஜாரிலிருந்து வந்திருந்த கராஜ்காரர் நிலாம் கையை விரித்தார். “ஸ்டியரிங் பூட்டு பழுது மிஸ். முழுசா மாத்தோணும். சாமான் வர ரெண்டு கெழம போகும்.”

“அதுவரைக்கும் கார் இதிலயோ நிக்கப்போகுது?” டீச்சருக்கு அழுகை வராத குறை.

விஜயகலா ஸ்டியரிங்குக்குக் கீழே காதை வைத்தாள். “டீச்சர், இன்னொருக்கா அமுக்குங்க.”

உள்ளே ‘கிர்ர்’ என்று ஏதோ முனகி நின்றது.

“பழுதாகலீங்க. எதையோ இழுக்கப் பாக்குது, முடியல.”

பால் ஸ்டோர் கதவு சாய்ந்து தாழ்ப்பாளை நெருக்கினால், எவ்வளவு இழுத்தாலும் தாழ்ப்பாள் வராது. கதவைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கவேண்டும். மேட்டில் முட்டிய சில்லும் ஸ்டியரிங்கை அப்படித்தான் முறுக்கிப் பிடித்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

“நீங்க அமுக்குங்க, நான் ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் ஆட்டுறேன்.”

மூன்றாம் முறை ‘டக்’கென்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமியது.

“யா அல்லா! இத யாரு ஒங்களுக்குச் சொல்லித் தந்த?” என்றார் நிலாம்.

“யாரும் இல்லீங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. ஒண்ணு கெடச்சா கழட்டிப் பாக்கலாம்.”

அடுத்த வாரமே, அடிபட்ட காரொன்றிலிருந்து எடுத்த பூட்டை நிலாம் கொடுத்துவிட்டார். திறந்தால் ஒரு சின்ன மோட்டார், பல்சக்கரம், விரல் தடிமனில் ஓர் இரும்புத் தாழ். மோட்டாருக்கு பேட்டரி கொடுத்தாள், தாழ் வெளியே நீண்டது. வயரை மாற்றிக் கொடுத்தாள், உள்ளே போனது. நீளும்போது ஸ்டியரிங் தண்டின் பள்ளத்தில் விழுந்து பூட்டும் என்பது விளங்கியது. தாழ் ஓடும் வழியின் இரண்டு முனையிலும் இருந்த குட்டி சுவிட்சுகள் எதற்கென்றுதான் விளங்கவில்லை.

நாலு நாள் அதே யோசனை. கறி அடிப்பிடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஐந்தாம் நாள் தாழை மெதுவாக நகர்த்தியபோது, அது முழுக்க உள்வாங்கிய பிறகே உள்முனைச் சுவிட்ச் அமுங்குவதைக் கண்டாள்.

“ஏங்க, இங்க வாங்க!” புருஷன் சசியைக் கூப்பிட்டாள். “பூட்டு முழுசா விட்டிருச்சுன்னு இந்த சுவிட்சுதான் காருக்குச் சொல்லுது. அது சொல்லாம எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. பாதி விட்ட பூட்டோட கித்துல்கல மலை ரோட்டு வளைவுல போனா என்னாகும், யோசிச்சுப் பாருங்க!”

இப்போது வாரத்தில் மூன்று நாள், மத்தியானத்துக்கு மேல் அவள் நிலாமின் கராஜில் இருக்கிறாள். பூட்டுப் பழுது என்று போன மாதம் வந்த காரில் பேட்டரிதான் சோர்ந்திருந்தது. முதலில் அதை அளந்து பார்க்கச் சொன்னவள் அவள்தான். சாவி கைப்பைக்குள் இருக்கும்போதே காருக்கு அது எப்படித் தெரிகிறது என்பது அவளுடைய இப்போதைய கேள்வி. கழற்றிப் பார்க்க ஒரு பழைய சாவி தேடிக்கொண்டிருக்கிறாள்.