கொழுப்பு மெஷினும் ஒரு சொம்புத் தண்ணீரும்

என் மனைவிக்கு நான் ஒரு கிட்னி தருவதாக முடிவானபோது எல்லா டெஸ்டும் சரியாகத்தான் வந்தன. தொப்பைதான் குறுக்கே நின்றது. உடம்பில் கொழுப்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு ஆபரேஷன் தேதி பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"உனுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணம் ஆன புதுசுலயே எனக்குத் தெரியும். இதுக்கு இம்மாம் டெஸ்டா?" என்றாள் அவள், ஆஸ்பத்திரி வாசலிலேயே.

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பி மில்லில், ஃபர்னஸ் பக்கம். பரோட்டாவை விட்டேன். ஷேர் ஆட்டோவை விட்டு மில்லுக்கு நடந்தேன். கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். வெறுங்காலோடு ஏறி நின்றால் உடம்புக்குள் லேசாகக் கரண்ட் விட்டு, அது கொழுப்பில் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து, செல்போனில் ஒரு எண்ணைக் காட்டும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதில் ஏறுவதுதான்.

ஆரம்பத்தில் முப்பத்திரண்டு காட்டியது. வாயைக் கட்டி ஒரு மாதம் ஓட்டிய பிறகு முப்பத்து மூன்று என்றது. அதை எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தேன். யார் பொய் சொல்கிறார்கள் என்று புரியவில்லை.

அவள் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்து என் தொப்புளுக்கு நேராகச் சுற்றினாள்.

"ரெண்டு இன்ச் கொறைஞ்சிக்கீது. மெஷின்தான் இன்னாவோ ஒளறுது."

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவள். ஒவ்வொரு முறையும் எடை போட்டு, ஏறியிருக்கும் தண்ணீரை எடுத்து, மறுபடி எடை போடுவார்கள். தண்ணீர் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்த என் சட்டையைப் பார்த்தாள்.

"ஃபர்னஸாண்ட வெந்துட்டு, ஒடம்புல சொட்டுத் தண்ணி இல்லாம வந்து ஏறிக்கினுகீற. கரண்டு எப்டிய்யா உள்ள போவும்? அது எல்லாத்தையும் கொழுப்புன்னு சொல்லுது." பிறகு கேட்டாள்: "ஊட்டுக்கு வந்தும் நீ தண்ணி குடிச்சி நான் பாத்ததே இல்ல. எனக்கோசரமா?"

அவளுக்காகத்தான். ஒரு நாளைக்கு அவளுக்கு அனுமதித்தது ஒரு சின்ன பாட்டில் தண்ணீர். வெயில் காலத்தில் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு தைப்பாள். அவள் எதிரில் மடக் மடக்கென்று குடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் தூங்கிய பிறகு கொஞ்சம் குடிப்பேன், அவ்வளவுதான்.

"நீ காஞ்சி போயி, அந்தக் கிட்னியும் காஞ்சி போச்சின்னா எனக்கு இன்னாத்தக் குடுப்ப?"

கோபமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து சட்டம் மாறியது. சாயங்காலம் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும், மறுநாள் காலை எழுந்ததும் மெஷினில் ஏற வேண்டும். ஒரு வாரத்தில் எண் இருபத்தொன்பதுக்கு வந்து நின்றது. டேப்பும் அதையே ஆமோதித்தது. செல்போனை வாங்கிப் பார்த்தவள், "இன்னும் கொஞ்சம்தான்" என்றாள்.

அன்று சாயங்காலமும் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்கப் பார்த்தேன்.

"இப்டித் திரும்பிக் குடி" என்றாள்.

திரும்பிக் குடித்தேன். சொம்பு காலியாகும்வரை அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.