நீலாம்பரி டாக்கீஸ் ஆபரேட்டர்

அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே நின்றபடியே தன் பெயர் ரித்திகா என்றாள். இடித்துப்போட்ட நீலாம்பரி டாக்கீஸைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாளாம். அங்கே பத்தொன்பது வருஷம் படம் ஓட்டிய அப்துல் குத்தூஸைப் பார்க்க வேண்டுமாம். குத்தூஸ் கதவைப் பாதிதான் திறந்தார். கோவை உக்கடத்தில் அவர் தெருவுக்கு நோட்டும் பேனாவுமாக வந்து பெயர் விசாரித்தவர்கள் யாரும் நல்லதற்கு வந்ததில்லை.

அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, மகள் அஃப்ராவிடம் கொடுத்து, அதில் இருந்த கல்லூரிக்குப் போன் போடச் சொன்னார். ஆள் நிஜம்தான் என்று தெரிந்த பிறகும் மனசு ஒப்பவில்லை. தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி எழும்புகிறது. ஏதோ வழக்கு, சாட்சிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றே நினைத்தார். அதனால் புரொஜெக்டரைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். வேலையை ஏன் விட்டீர்கள் என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் முறை வந்தபோது ரித்திகா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீங்களே வேலையை விட்டுட்டு வெளிநாடு போயிட்டதா முதலாளி நரசிம்மலு சொன்னாருங்க ஐயா."

பிழைப்புக்காகக் குத்தூஸ் பாலக்காட்டைக்கூடத் தாண்டியதில்லை.

அவருக்கு வேலை போனது ஊரில் கலவரம் நடந்த வருஷம். தியேட்டரில் குண்டு இருப்பதாக ஒரு மொட்டைப் போன் வந்தது. போலீஸ் தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் நரசிம்மலு, நாலு நாள் வீட்டில் இருங்கள், ஆள் அனுப்புகிறேன் என்றார். ஆள் வரவே இல்லை. பதினைந்தாம் நாள் இவரே போய்ப் பார்த்தார். புரொஜெக்டர் கேபினில் வேறொருவர் ரீல் மாட்டிக்கொண்டிருந்தார். புரொஜெக்டரின் கார்பன் வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை, அதனால் நின்றுவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கணபதி ஏரியாவில் மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்குப் போனார். வயதாகி ஓயும்வரை அதுவேதான் பிழைப்பு.

"எழுதிக்கோங்க அம்மணி," என்றார். "நான் எங்கயும் போகலைங்க. வர வேண்டாம்னுட்டாங்க."

கதவோரம் நின்ற அஃப்ரா இதை முதன்முறையாகக் கேட்டாள்.

ரித்திகா எழுதியதை அவளையே இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு மாற்றிவிடுவார்களோ என்று அந்தப் பக்கத்தை மகளின் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். புத்தகம் வந்ததும் படத்தையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். அவர் சொன்னது அப்படியே இருந்தது. நரசிம்மலு சொன்னதும் பக்கத்திலேயே இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு கார் வந்து நின்றது. எண்பது தாண்டிய நரசிம்மலு தடியை ஊன்றி இறங்கினார். ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கத்தான் வந்திருப்பார் என்று குத்தூஸ் அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாள் எதுவும் வரவில்லை. அஃப்ரா கொடுத்த டீயை நரசிம்மலு குடிக்காமல் கீழே வைத்தார்.

"உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லீங்க பாய். ஊரு பேசுச்சு, நான் பயந்துபோட்டேன்."

"பயந்தீங்க, நம்புறேன் மொதலாளி. சந்தேகம் இல்லைன்னதை நம்பலீங்க."

நரசிம்மலு மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "இருந்துச்சுங்க," என்றார்.

 டீ ஆறிப்போனதைப் பார்த்த அஃப்ரா வேறு டீ போட உள்ளே போனாள். குத்தூஸ் எழுந்து மேசை மின்விசிறியை நரசிம்மலு பக்கம் திருப்பி வைத்தார்.