இரவல் பெயரும் ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவரும்

மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் கிளினிக்கில் "மடாம் அருளப்பு" என்று கூப்பிட்டால், கனடா வந்து எட்டு வருடம் கழிந்தும் நான் உடனே எழும்புவதில்லை. பக்கத்தில் இருப்பவளைத்தான் பார்ப்பேன். அருளப்பு என் அம்மாவின் தம்பி. தன் மகள் என்று எழுதித்தான் மாமா என்னைக் கனடாவுக்கு எடுப்பித்தார். என்னைப் பெற்ற சூசைப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருந்தார். கடதாசியில் என் அப்பா மொன்றியலில் இருந்தார். இதை வாசிக்கிற உங்களிலும் சிலர் இப்படி வந்தவர்கள்தான், எனக்குத் தெரியாதா?

மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவில் ஸ்கொட்லாந்து வம்சத்துக் கிழவர் ஒருவரின் வீட்டில் வேலை செய்தேன். அங்கே புல்லு வெட்டுகிற மாமாதான் என்னைச் சேர்த்துவிட்டார். கிழவருக்குக் கண் மங்கியதால் தபால் வாசிப்பதும் என் வேலை. அவருக்கு ஒரே பைத்தியம். அறுநூறு வருடத்துக்கு முந்திய குலத்தலைவன் ஒருவனின் மூத்த மகன் வழியில் தான் வந்தவராம். ஸ்கொட்லாந்திலிருந்த குலச்சங்கம் அதை ஒப்பவில்லை. எடின்பரோவில் ஒருவரை அமர்த்தி ஆதாரம் தேடுவித்துக்கொண்டிருந்தார்.

சமாதான காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தபோது, என்னைப் பெற்ற அப்பா செத்துப்போனார். கிழவரிடம் இரண்டு கிழமை லீவு கேட்டேன். "யார் செத்தது?" என்றார். என் 'அப்பா' அவர் வளவில் புல்லு வெட்டிக்கொண்டிருக்க, என்ன சொல்ல? "மாமா" என்றேன்.

"மாமாதானே? புதன்கிழமை வந்துவிடு."

பிறகு சுவரில் தொங்கிய வம்சப் படத்தைத் தடவி, "உங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயரே இல்லையாமே, தகப்பனோடு சரியாம்" என்று சிரித்தார். வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் ஊருக்குப் போகவில்லை. இரு கிழவா, உனக்கு இருக்குது என்று அன்றைக்கே கறுவினேன்.

அடுத்த வருடம் எடின்பரோவிலிருந்து கடிதம் வந்தது. குசினியில் நின்று முதலில் எனக்குள் வாசித்தேன். கிழவரின் முன்னோன் தலைவனின் மகனே அல்ல. தலைவனின் நிலத்தில் குடியிருந்தவன். ஆபத்துக் காலத்தில் தலைவனின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவன். அந்த நாளில் பலர் அப்படிச் செய்தார்களாம். அடக்கமுடியாத சந்தோஷத்தில் பின்கதவைத் திறந்து மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, கிழவன்ரை குட்டு உடைஞ்சு போச்சு!"

"வாசிச்சுக் காட்டாதை பிள்ளை. பாவம் மனுசன்."

"பாவமோ? அப்பான்ரை முகத்தைக் கடைசியாப் பாக்க விட்டவரோ? வாசிக்கத்தான் போறன்."

தேநீர் வைத்துக் கொடுத்து, சொல் சொல்லாக வாசித்தேன். கிழவரின் முகம் சுண்டிப்போனது. "இன்னொரு தரம்" என்றார். வாசித்தேன். அவர் கேட்காமலே மூன்றாம் தரமும் தொடங்கினேன். 'உயிர் தப்புவதற்காக இன்னொருவனின் பெயரை எடுத்துக்கொண்டான்' என்ற இடத்தில் மேலே வாசிக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

கிழவர் தடவித் தடவி என் கையைப் பிடித்தார். "எனக்காக அழ நீயாவது இருக்கிறாய்" என்றார். நான் திருத்தவில்லை. அப்படியே நினைத்துக்கொண்டு இருக்கட்டும்.

"உன் அப்பாவைக் கூப்பிடு, அவரும் தேநீர் குடிக்கட்டும்."

யன்னலைத் திறந்து, "அப்பா!" என்று கூப்பிட்டேன். அப்பா செத்த பிறகு அன்றைக்குத்தான் ஒருவரை அப்படிக் கூப்பிட்டேன். மாமா புல்லு வெட்டுகிற மெசினை நிற்பாட்டினார். யாரைக் கூப்பிடுகிறேன் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.